வீடுகளைத் திருப்பிய இடுப்பு

எங்கள் ஊர் கூட்ஷெட் தெருவில் உலகம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொச்சைக் குழம்பும் சேப்பங்கிழங்கு வறுவலும் சாப்பிட்டுவிட்டு, எப்போதும்போல் கிழக்கே தலைவைத்துப் படுத்து, எப்போதும்போல் வாய் திறந்து தூங்கி, காப்பி நேரத்துக்கு எழுந்து வாசலுக்கு வந்தபோது வாசலில் தெரு இல்லை. படுக்கப் போகும்போது தெற்கே பார்த்து நின்ற வீடு எழுந்தபோது கிழக்கே பார்த்து நின்றது. தெரு இருக்கவேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுச் செண்பகவடிவின் அடுப்படி ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்குள் செண்பகவடிவு கையில் தேங்காய்மூடியோடு நின்றாள்.

இந்தச் செண்பகவடிவு உலகம்மாளின் கொழுந்தன் பெண்டாட்டி. அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக்கொண்ட வீடுகள். நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒரு முடுக்கு. ஓரகத்திகள் இரண்டு பேரும் கல்யாணமாகி வந்த நாள்முதல் அந்த முடுக்கின் குறுக்கே பேசிக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டிருந்தார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

"என்னக்கா, வீட்ட இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுட்டீய?" என்றாள் செண்பகவடிவு.

"ஆமா, காத்து வரட்டும்னு" என்றாள் உலகம்மாள்.

அவ்வளவுதான். செண்பகவடிவு மிச்சத் தேங்காயைத் துருவப் போனாள். உலகம்மாள் காப்பி போடப் போனாள். மின்வாரியத்துக்காரர் வந்து, முறுக்கிக்கொண்ட வயரைப் பிரித்துவிட்டு, இனிமேல் திருப்புவதாக இருந்தால் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். குடிதண்ணீர்க் குழாய் மட்டும் இரண்டு நாள் பெருமூச்சு விட்டது, அப்புறம் பழகிவிட்டது.

எங்கள் தெருவைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரன் ரயில் விட்டபோது தண்டவாளத்துக்கு வடக்கே மிஞ்சிய துண்டு நிலத்தில் வரிசையாக எழும்பிய வீடுகள். நாலு பக்கமும் ஒரே அளவாக, தீப்பெட்டியை விடச் சதுரமாக இருக்கும். எதிர்ச்சாரியில் வீடு கிடையாது, கூட்ஷெட்டின் நெடுஞ்சுவர்தான். ஆகவே முழுத் தெருவும் தெற்கே பார்த்த தெரு. தெற்கு வாசல் எமனுக்கு உகந்த வாசல் என்று எந்தக் காலத்தில் எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தானோ, பெண்ணுக்கு வரன் தட்டிப்போனால் தெற்கு வாசல், பையன் அரியர் வைத்தால் தெற்கு வாசல், மிக்ஸி ஜார் அடியில் கசிந்தால்கூடத் தெற்கு வாசல்தான் என்று நாங்கள் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டே பெருமூச்சு விட்டு வாழ்ந்துவந்தோம். வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்கள் வாசலில் நின்று செல்போனில் திசை பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, கொடுத்த மோரைக்கூட வாங்காமல் போய்விடுவார்கள்.

அப்படிப்பட்ட தெருவில் ஒரு வீடு, அஸ்திவாரத்தோடு, முன்னால் நின்ற செம்பருத்தியோடு, கொடியில் காய்ந்த துணியோடு, கிழக்கே திரும்பி நின்றால் தெரு சும்மா இருக்குமா?

காரணம் உலகம்மாளின் வலது இடுப்பு. இடது இடுப்பு அவள் பிறக்கும்போது கொண்டுவந்தது. வலது பின்னால் வாங்கியது. பல வருஷத்துக்கு முன்பு எலும்பு தேய்ந்து அவள் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்த காலத்தில், தேய்ந்ததை வெட்டி எடுத்துவிட்டு ஓர் உலோகக் குண்டையும் அது உருளுவதற்கு ஓர் உலோகக் கிண்ணத்தையும் உள்ளே வைத்துத் தைத்து அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் அதுதான் புது மாடல். உலகம்மாள் ஆறே வாரத்தில் மாடிப்படி ஏறினாள், சம்மணம் போடக் கூடாது என்று சொன்னதைக் காதில் வாங்காமல் பந்தியில் உட்கார்ந்தாள், தேரோட்டத்துக்குப் போய் வடம் பிடித்தாள்.

பாளையங்கோட்டையில் டாக்டர் ஜெபசிங் என்கிற எலும்பு டாக்டர்தான் வருஷா வருஷம் அவளைப் பரிசோதிப்பவர். நல்ல மனுஷன், எதற்கும் அதிராதவர். உலோகத்தோடு உலோகம் உரசினால் பொடி உதிரத்தான் செய்யும், அம்மியும் குழவியும் தேய்வது மாதிரி என்று அவர் விளக்கியிருந்தார். இந்தக் குண்டும் கிண்ணமும் கோபால்ட், குரோமியம் என்கிற உலோகங்களால் ஆனவை. உதிர்கிற பொடி கண்ணுக்குத் தெரியாத அயனிகளாகி ரத்தத்தில் கலக்கும். கொஞ்சம் கலந்தால் பாதகமில்லை. கூடினால் கெடுதல். எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க ரத்தத்தை எடுத்துச் சென்னைக்கு அனுப்புவார்.

முதல் வருஷம் கோபால்ட் ஒன்றரை என்று வந்தது. அந்த வருஷம் உலகம்மாள் கிழக்கே தலைவைத்துப் படுத்தால் எழுந்திருக்கும்போது தலை லேசாக வடகிழக்கே போயிருந்தது. பாயில் புரண்டிருப்பாள் என்று நினைத்தார்கள். அப்புறம் நாலரை வந்தது. தூங்கிய கொஞ்ச நேரத்தில் தலை காந்த ஊசி மாதிரி வடக்கே போய் நின்றது, கால் புருஷனின் வயிற்றில் ஏறியது. ஒன்பது வந்த வருஷம் இரும்புக் கட்டிலே அவளோடு சேர்ந்து கிறீச்சென்று திரும்பியது. இரும்பு திரும்பினால் ஒத்துக்கொள்ளலாம், ரத்தத்தில் கரைந்த கோபால்ட்டுக்கு என்ன வந்தது என்று ஹைஸ்கூல் சயின்ஸ் சார் பஸ் ஸ்டாண்டில் வைத்து வாதாடினார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கட்டில் ஹைஸ்கூலில் படித்ததில்லை.

உலகம்மாளின் புருஷன் காந்திமதிநாதன் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். வடக்கே தலைவைத்துப் படுத்தால் ஆகாது என்பது அவருக்கு எலும்பில் ஊறிய விஷயம். பிணத்துக்குக்கூட அந்தத் திசை வேண்டாம் என்பவர். பெண்டாட்டி வடக்கே தலைவைத்தால் கெடுதல் புருஷனுக்கு என்று யாரோ கொளுத்திப் போட்டுவிட்டார்கள். அன்றுமுதல் மனுஷன் எழுந்ததும் பல் தேய்க்குமுன் தன் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். பார்த்துப் பார்த்துத் தாங்காமல், ஸ்பானரும் தண்டவாளத்துக்குப் போடும் போல்ட்டும் கொண்டுவந்து, கட்டிலின் நாலு காலையும் தரையில் துளை போட்டு முடுக்கிவிட்டார். வேலை என்றால் வேலை. அந்தக் கட்டில்மேல் சரக்கு ரயிலே போகலாம்.

அன்றைக்குத்தான் மொச்சைக் குழம்பு. உலகம்மாளின் தலை வடக்கே போயாக வேண்டும், கட்டில் அசையாது, கட்டில் தரையில் இருக்கிறது, தரை வீட்டில் இருக்கிறது. வீடு திரும்பியது. கிழக்கே இருந்த தலை வடக்கே போக, தெற்கே இருந்த வாசல் கிழக்கே வந்தது. பக்கத்து வீடுகள், பஸ்ஸில் ஜன்னலோரத்து ஆள் இறங்கும்போது மற்றவர்கள் முழங்காலை மடக்கிக்கொள்வது மாதிரி, கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டு மறுபடி நிமிர்ந்துகொண்டன.

இதை முதலில் கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டவன் வீட்டு புரோக்கர் மாசானம். எங்கள் தெருவிலேயே குடியிருந்தும் இங்கே ஒரு வீட்டைக்கூட அவனால் முடித்துக் கொடுக்க முடிந்ததில்லை. அவன் வந்து காந்திமதிநாதனிடம் அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, அத்தையை ஒரு நாள் என் வீட்டில் சாப்பிட அனுப்புங்கள் என்றான். சாப்பிட்டால் படுக்கத்தானே வேண்டும். படுக்க ஒரு கட்டில் வேண்டும். கட்டிலை ஆட்டம் இல்லாமல் முடுக்க ஒரு ஆள் வேண்டும். காந்திமதிநாதன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனார்.

மாசானம் வீட்டில் அன்று சொதி. தேங்காய்ப்பால் கெட்டியாக, முருங்கைக்காய் போட்டு, இஞ்சிப் பச்சடியோடு. உலகம்மாள் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கிழக்கே தலைவைத்துப் படுத்தாள். பால்காரர் வரும்போது மாசானத்தின் வாசல் சூரியன் உதிக்கிற பக்கம் பார்த்து நின்றது. அந்த மாதமே அவன் தங்கச்சிக்கு வரன் முடிந்தது. வரன் முந்தின மாதமே முடிந்திருந்தது என்று சிலர் சொன்னார்கள். சொன்னவர்களை யாரும் சட்டை செய்யவில்லை.

அப்புறம் பிடித்தது பாருங்கள் விருந்து. ஒரு வீட்டில் அவியல், ஒரு வீட்டில் உளுந்தம்பருப்புச் சோறு, ஒரு வீட்டில் பால் பாயசத்தோடு கூடவே சேமியாப் பாயசம். தூங்குகிறவளுக்குத் தொந்தரவில்லாமல் தெருவே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தது. ஐஸ்காரன் மணியைப் பையில் போட்டுக்கொண்டான். மத்தியான பாசஞ்சர் எங்கள் தெருப் பக்கம் வரும்போது ஊதாமல் போனது, டிரைவர் மாசானத்துக்குத் தூரத்து உறவு. மாதாகோயில் தெருவிலிருந்து ஒரு குடும்பம், எங்களுக்கு வாஸ்து நம்பிக்கை கிடையாது, சும்மா காற்றுக்காகத்தான் என்று சொல்லிக் கேக்கோடு வந்து முன்பதிவு செய்துவிட்டுப் போனது. உலகம்மாள் பிறந்த வீட்டில் பெற்ற சீரைவிட அதிகமாகச் சேலை பெற்றாள். அவளுக்கும் சந்தோஷம்தான். தூங்குவதற்கு மரியாதை கிடைக்கிறது என்றால் யாருக்குக் கசக்கும்?

எல்லா வீடும் திரும்பிய பிறகுதான் ஒரு சின்ன அசௌகரியம் தெரிந்தது. ஒவ்வொரு வீட்டு முன்வாசலும் அடுத்த வீட்டின் புறவாசலோடு முட்டிக்கொண்டு நின்றது. தெருப் பக்கம் வெறும் சுவர். மேற்குக் கோடியில் மில்லின் மதில். தெருவைப் பார்த்து ஒரு கதவு வைத்தால் தீர்ந்தது. ஆனால் அது தெற்கு வாசல் ஆகிவிடுமே. ஆகவே மேற்குக் கோடிக்காரர் ஸ்டேஷனுக்குப் போகவேண்டுமானால் அடுத்த வீட்டுப் புறவாசலில் நுழைந்து, அவர்கள் அடுப்படியில் என்ன கொதிக்கிறது என்று விசாரித்து, கூடத்தில் டிவி பார்க்கிறவர்களைத் தாண்டி, முன்வாசல் வழியாக அதற்கு அடுத்த வீட்டுப் புறவாசலில் நுழைந்து, இப்படியே பெட்டி பெட்டியாக வந்து, கடைசியில் உலகம்மாள் வீட்டுக் கூடத்தைக் கடந்து, அவளுக்கும் செண்பகவடிவுக்கும் நடுவிலிருந்த அந்த முடுக்கில் இறங்கித்தான் வெளியே வர முடிந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. கொஞ்ச நாளில் யார் வீட்டில் யாருக்குச் சோறு என்பதே குழம்பிப்போய், பசித்த இடத்தில் உட்கார ஆரம்பித்தார்கள்.

திரும்பாமல் நின்றது ஒரே வீடு. கிழக்குக் கோடியில் இருந்த செண்பகவடிவின் வீடு.

அவள் கேட்காமல் இல்லை. முதல் தடவை ஜாடையாகக் கேட்டாள். இரண்டாம் தடவை புருஷனை அனுப்பிக் கேட்டாள். அவர் வாய் திறக்காத மனுஷர், போய் அண்ணன் வீட்டில் காப்பி குடித்துவிட்டுக் கேட்காமலே திரும்பி வந்தார். மூன்றாம் தடவை நேராகவே கேட்டாள். பாப்போம், பாப்போம் என்றாள் உலகம்மாள். மாதாகோயில் தெருக் கேக்குக்குத் தேதி கொடுத்தவள், கூடப்பிறக்காத தங்கச்சிக்குப் பாப்போம் என்றாள். செண்பகவடிவுக்கு எப்படி எரிந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு நேரே ஓரகத்தியின் வாசல். காலையும் மாலையும் உலகம்மாள் அந்த வாசற்படியில் காப்பியோடு உட்காருவாள். இவள் இங்கிருந்து தாளிப்பாள், கூடவே வார்த்தையையும் தாளித்துப் போடுவாள். அங்கிருந்து பதில் வரும். உலகம்மாளின் பதில் என்றால் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் முடுக்குப் பக்கம் வந்து நின்று கேட்டுவிட்டுப் போவார்கள், அவ்வளவு பக்குவமாக இருக்கும்.

ஒரு நாள் பதில் வரவில்லை.

செண்பகவடிவு ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடவில்லை. ஊர் வீட்டையெல்லாம் தூக்கித் திருப்புகிறவளுக்கு ஒரு தோசையை ஒழுங்காகத் திருப்பத் தெரியாது என்றாள். பழைய சரக்குதான், ஆனால் பதில் கட்டாயம் வரவேண்டிய சரக்கு. உலகம்மாள் காப்பியை உறிஞ்சிக்கொண்டு காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பகவடிவு இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். ஒன்றுமில்லை. எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துத் தரையில் போட்டாள். முடுக்கில் நின்ற பூனை சுவரேறிப் போயிற்று, உலகம்மாள் திரும்பவில்லை.

மூஞ்சியைத் தூக்கிவைத்திருக்கிறாள் என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். செண்பகவடிவு நினைக்கவில்லை. உலகம்மாளுக்குப் பேச்சை நிறுத்துகிற கோபம் வராது, பேச்சை வளர்க்கிற கோபம்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு முடுக்கைத் தாண்டிப் போய்க் காந்திமதிநாதனைக் கூப்பிட்டாள்.

"அத்தான், அக்காவுக்குக் காது போவுது. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க."

"என் நாடிகூட ரெண்டு நாளா ஒரு மாதிரி..." என்று ஆரம்பித்தார் காந்திமதிநாதன்.

"ஒங்க நாடி நல்லாத்தான் இருக்கு. எந்திரிங்க."

இந்தத் தடவை கோபால்ட் முப்பத்தொன்று. டாக்டர் ஜெபசிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், முப்பத்தொன்றுதான். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். தூங்கினாள் என்று சொன்னார்கள். எங்கே தூங்கினீர்கள் என்று கேட்டார். சொன்னார்கள். டாக்டர் கொஞ்ச நேரம் மேஜைமேலிருந்த பிளாஸ்டிக் இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு வீட்டைத் திருப்பும்போதும் குண்டும் கிண்ணமும் நெறுநெறுவென்று அரைபட்டிருக்கின்றன. ஒரு வீட்டின் எடைக்கு ஒரு வீட்டின் பொடி. கோபால்ட் இவ்வளவு கூடினால் சிலருக்கு முதலில் காது போகும், விட்டால் இருதயத்தில் கை வைக்கும், ஆகவே உலோகத்தை எடுத்துவிட்டுப் பீங்கான் குண்டும் பிளாஸ்டிக் கிண்ணமும் வைத்தாக வேண்டும் என்றார். எப்போது என்று கேட்டதற்கு, நேற்றே செய்திருக்க வேண்டும் என்றார்.

தெருவுக்கு இது இடிபோல இறங்கியது. தெரு கெட்ட தெரு இல்லை. உலகம்மாள் நன்றாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனுக்குக் காசு முடிந்துவைத்தவர்கள்தான். ஆனால் மாதாகோயில் தெருக்காரர்கள் கேக் கொடுத்தாகிவிட்டது. மாசானம் பக்கத்து ஊர்களிலும் நாலைந்து தெற்கு வாசலுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். கல்யாண மண்டபம் ஒன்று பெரிய கட்டிலே செய்து வைத்திருந்தது. அதனால் எல்லாரும் உலகம்மாளின் கூடத்தில் கூடி, தை பிறக்கட்டும், மாசி போகட்டும், காது என்ன, வயசானால் கொஞ்சம் மந்தமாகத்தானே செய்யும், இப்போதெல்லாம் காதில் மாட்டிக்கொள்ள மிஷின் வந்திருக்கிறது என்று ஒவ்வொருவராக இதமாகப் பேசினார்கள். உலகம்மாளுக்கு எதுவும் கேட்கவில்லை. யாரோ விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எல்லாருக்கும் தலையாட்டினாள். காந்திமதிநாதன் யார் எந்தப் பக்கம் பேசினாலும் அந்தப் பக்கம் ஆமாம் என்றார்.

பேசி முடித்து, ஆபரேஷனைச் சித்திரைக்குத் தள்ளிவைத்துவிட்ட திருப்தியோடு வெளியே கிளம்பிய மாசானம் முடுக்கில் இறங்கப் போனான். முடுக்கில் செண்பகவடிவு ஆட்டுக்கல்லைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்டுக்கல்லும் செண்பகவடிவும் சேர்ந்தால் அந்த முடுக்கில் எறும்புக்குத்தான் இடம் மிஞ்சும்.

கொஞ்சம் நகருங்க சித்தி என்றான் மாசானம். அவள் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டாள். அவன் பின்னால் வேலைக்குப் போகிறவர்கள், அவர்களுக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அதற்குப் பின்னால் பாசஞ்சரைப் பிடிக்கவேண்டியவர்கள் என்று மேற்குக் கோடிவரை வீடு வீடாக ஆட்கள் நின்றுவிட்டார்கள். முன்னால் என்ன, சிக்னல் விழவில்லையா என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அக்கா ஆஸ்பத்திரிக்குப் போற வண்டி வந்து நிக்கணும். அது வந்தாத்தான் இந்தக் கல்லு எந்திரிக்கும்" என்றாள் செண்பகவடிவு.

வேண்டுமானால் தெருப்பக்கம் சுவரை உடைத்து வெளியே போகலாமே என்று ஒருவர் மெல்லச் சொன்னார். தெற்கு வாசலா என்று எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.  அன்று பாசஞ்சர் ஆளில்லாமல் போனது. மாவு அரைபட்டு, பொங்கி, புளிக்கவும் ஆரம்பித்தபோது மாசானமே போன் போட்டு வண்டியை வரவழைத்தான்.

பாளையங்கோட்டையில் வேறொரு சிக்கல் காத்திருந்தது. மயக்க மருந்து கொடுத்தால் உலகம்மாள் தூங்குவாள். ஆபரேஷன் மேஜையைத் தரையோடு முடுக்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி நாலு மாடி, பக்கத்தில் வாய்க்கால். திரும்பினால் ஆம்புலன்ஸ் வருகிற வாசல் நேராக வாய்க்காலில் போய் நிற்கும். டாக்டர் ஜெபசிங் இதையெல்லாம் காகிதத்தில் படமாகப் போட்டுப் பார்த்தார். மேஜையைக் கழற்றி முன்கூட்டியே வடக்கே தலைவைத்துப் போட்டுவிடலாமா என்றார் மயக்க டாக்டர். வயிற்றைக் கிழிக்கிற இடத்தில் வடக்கே தலையா, என் பிணத்தைத் தாண்டித்தான் என்று காந்திமதிநாதன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். வயிறு இல்லை, இடுப்பு என்று சொல்லியும் கேட்கவில்லை.

கடைசியில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பது, ஆளைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மூன்று மணி நேரம். பழைய கிண்ணம் எலும்போடு ஒட்டி வளர்ந்திருக்கும், தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டும். உலகம்மாள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறவள். யார் விழிக்க வைப்பது? புருஷன் பேசினால் இரண்டாவது வாக்கியத்தில் அவளுக்குக் கண் சொருகிவிடும், அது கல்யாணமான புதிதிலிருந்தே அப்படித்தான். பாட்டுப் போடலாம் என்றால் காது கேட்காது.

"நான் வாரேன்" என்றாள் செண்பகவடிவு.

அவளுக்கும் பச்சை அங்கியை மாட்டி, தொப்பி போட்டு, வாயைத் துணியால் கட்டினார்கள். வாயைக் கட்டியதைப் பற்றி அவளுக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள். உலகம்மாள் இடது பக்கம் ஒருக்களித்துக் கிடந்தாள். நடுவே துணியால் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர். இந்தப் பக்கம் உலகம்மாளின் மூஞ்சிக்கு நேரே ஒரு முக்காலியில் செண்பகவடிவு.

டாக்டர் கத்தி வைத்தார். செண்பகவடிவு ஆரம்பித்தாள்.

தன் கல்யாணப் பந்தியில் தனக்கு அப்பளம் உடைந்ததாக வைத்ததிலிருந்து ஆரம்பித்தாள். மாமியார் பெட்டியிலிருந்து வந்த காசுமாலையில் யாருக்கு எத்தனை காசு என்பதைத் தொட்டாள். முருங்கைமரம் யார் பக்கம் வேர் விட்டது, யார் பக்கம் காய்த்தது என்பதை அலசினாள். காது மந்தமானவளிடம் பேசுவதால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் கைகால் வலியை மறந்து கதவுப் பக்கம் நகர்ந்தார்கள். காசுமாலை விஷயத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். உலகம்மாள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அப்பளம் உன் மூஞ்சியைப் பார்த்துத் தானாக உடைந்தது என்றாள். உள்ளே சுத்தியல் தட்டுகிற சத்தமும் சண்டையும் தாளம் தப்பாமல் போய்க்கொண்டிருந்தன. குண்டு கழன்று வந்தது. கிண்ணம் மட்டும் வரவில்லை.

டாக்டர் தட்டினார், நெம்பினார், மறுபடி தட்டினார். நேரம் போயிற்று. செண்பகவடிவின் கைவசம் இருந்த வருஷங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. கடன் வாங்கித் திருப்பித் தராத இட்லித் தட்டுவரை வந்துவிட்டாள். அதற்குமேல் அவளிடம் சரக்கில்லை. தொண்டை கட்டிவிட்டது. உலகம்மாளின் இமை இறங்கியது.

ஆபரேஷன் தியேட்டர் மெல்ல அசைந்தது. தட்டில் இருந்த கத்தரிக்கோல்கள் ஒரு பக்கமாக வழுக்கின. கூரை விளக்கு தலையைச் சாய்த்தது. மேல்மாடியில் யாரோ, வாய்க்கால் இந்தப் பக்கம் வருது என்று தகவல்போலச் சொன்னார்கள். டாக்டர் ஜெபசிங் நிமிராமல், அம்மா ஏதாவது பேசுங்கள் என்றார்.

செண்பகவடிவு தன் ஓரகத்தியின் கன்னத்தைப் பிடித்தாள். இதைக் கேட்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் மற்றதையெல்லாம் பேசினாள்.

"எக்கா. என் வீட்ட மட்டும் ஏங்க்கா திருப்பல?"

உலகம்மாளின் கண் பாதி திறந்தது. "என்னளா?"

இதை இரண்டாம் தடவை கேட்பது எவ்வளவு கஷ்டம். ஆனால் தியேட்டர் நகர்ந்துகொண்டிருந்தது. கட்டின தொண்டையோடு அவள் நாலு மாடிக்கும் கேட்கும்படி கத்தினாள்: "ஊரான் வீட்டுக்கெல்லாம் போய்ப் படுத்தியே, என் வீட்ட மட்டும் ஏன் திருப்பல?"

 உலகம்மாள் முழுக்க விழித்துக்கொண்டாள். தியேட்டர் நின்றது.

"கூறுகெட்டவளே, ஒன் வீடு திரும்புனா ஒன் அடுப்படி ஜன்னல் தெருப் பக்கம் போயிரும்லா. என் வாசலுக்கு நேரா ஒன் வீட்டுக் கக்கூஸ் சுவருல்லா வந்து நிக்கும். காப்பிய வச்சுக்கிட்டு நான் சுவரு கூடயா பேசுவேன்?"

திரைக்கு அந்தப் பக்கம் டக்கென்று ஒரு சத்தம். கிண்ணம் பெயர்ந்து தட்டில் விழுந்தது. இனித் தூங்கலாம் என்றார் டாக்டர். உலகம்மாள் அதற்குமுன்பே தூங்கிவிட்டாள். எல்லாரும் எதையாவது பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் அசையவில்லை, அவள் வாய் மட்டும் திறந்தது. ஆஸ்பத்திரி கால்வாசி திரும்பிய இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. இப்போதும் ஆம்புலன்ஸ் உள்ளே வரக் கொஞ்சம் ஒடித்துத்தான் திருப்ப வேண்டும்.

செண்பகவடிவுக்கு அதற்கு எதிர்ப்பதில் அந்த நிமிஷமே வாயில் வந்துவிட்டது. கேட்க வேண்டியவள் தூங்குகிறாள். அவள் எழுந்ததும் இவள் சொன்னாள்; அவளுக்குக் கேட்கவில்லை. ரத்தத்தில் சேர்ந்தது வடிய மாதக்கணக்கில் ஆகும், காது திரும்பினாலும் திரும்பும், திரும்பாவிட்டாலும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். கத்திச் சொன்னால் கேட்டிருக்கும். ஆனால் அது கத்திச் சொல்கிற பதில் இல்லை. வீட்டுக்கு வந்தபின் உலகம்மாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசற்படியில் உட்காருகிற ஒவ்வொரு காலையும் செண்பகவடிவு ஜன்னலிலிருந்து அதே பதிலைச் சொன்னாள். சென்னையிலிருந்து கோபால்ட் இருபத்திரண்டு என்று வந்தது, சொன்னாள். பதினாலு என்று வந்தது, சொன்னாள். மாதாகோயில் தெருக்காரர்கள் கேக்கை மறந்தார்கள். மாசானம் தெற்கு வாசல்களுக்கு வேறு குணம் இருப்பதாக விளம்பரம் செய்ய ஆரம்பித்தான். உலகம்மாள் வாக்கரை விட்டுக் கம்புக்கு வந்தாள், கம்பை விட்டு வெறுங்கைக்கு வந்தாள். இவள் சொன்னாள், அவள் காக்காயைப் பார்த்தாள்.

அப்படியிருக்க ஒரு நாள் காலை, குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, தண்டவாளத்தில் சரக்கு ரயில் நீளமாகப் போய்க்கொண்டிருக்க, கடுகு வெடிக்க, செண்பகவடிவு ஜன்னல் பக்கம்கூடத் திரும்பாமல், பழக்கதோஷத்தில் அதே பதிலைத் தனக்குள் முணுமுணுத்தாள்:

"என் மூஞ்சியப் பாக்கணும்னா வாசல் வழியா வந்து பாக்கதுக்கு என்னவாம்."

முடுக்குக்கு அந்தப் பக்கம் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

"எதுக்குளா காலங்காத்தால கத்துதே? நான் என்ன செவிடா?"